மறைந்த தோட்டமும் வரைபட வாசிப்பும்

பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டியிடம், "பாட்டி, நீங்கள் பிறந்த வீடு எங்கே இருந்தது?" என்று பேரப்பிள்ளை கேட்டால், வீட்டு எண்ணோ சாலைப் பெயரோ பதிலாக வராது. "பெரிய சடக்கிலிருந்து உள்ளே திரும்பினால் முதலில் கோயில். கோயிலைத் தாண்டினால் பால் ஸ்டோர். ஸ்டோருக்குப் பின்னால் மேட்டு லயம். அதில் கடைசிக்கு முந்தின வீடுதான் நம்முடையது" என்றுதான் பாட்டி சொல்வார்.

கேட்கும் பிள்ளை கண்களை மூடிக்கொண்டால் அந்த வழியே நடந்து போய்விடலாம். நேரில் போய்ப் பார்த்தாலோ அங்கே செம்பனை மரங்கள் வரிசையாக நிற்கும். அல்லது புதிய வீடமைப்புப் பகுதியின் மாடி வீடுகள் எழுந்திருக்கும். பாட்டி சொன்ன வழியில் பிழையில்லை. அவர் சொன்ன அடையாளங்கள்தாம் இப்போது இல்லை.

அப்படி மறைந்துபோன ஓர் இடத்தை மீண்டும் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கு இரண்டு அறிவு வேண்டும். ஒன்று, அந்த மண்ணில் நடந்தவர்களின் நினைவு. மற்றொன்று, வரைபடத்தை வாசிக்கும் திறன். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. தோட்டத்து மக்கள் நாள்தோறும் காலால் அறிந்திருந்த பலவற்றைத்தான் வரைபடம் தாளில் கோடுகளாகக் காட்டுகிறது.

இரப்பரும் பேராக்கும்

இரப்பர் வரலாற்றில் பேராக்கிற்குத் தனி இடமுண்டு. 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட இரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அக்காலத்து மரமொன்று இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பருக்குத் தேவை பெருகியதும் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் வந்து குடியேறினர்.

நாடு விடுதலை அடைந்த காலத்தில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். இது தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. வேலையோடு வீட்டையும் இழந்த தொழிலாளர்களின் நிலையைக் கண்டு, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தாங்களே தோட்டங்களை வாங்க அது வழி செய்தது. பின்னாளில் பல தோட்டங்கள் இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின. ஊருக்கு அருகிலிருந்த தோட்டங்கள் குடியிருப்புகளாயின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வரைபடத்தில் சில கோடுகள் அழிந்தன. சில கோடுகள் புதிதாகத் தோன்றின.

விளிம்பிலிருந்து தொடங்குதல்

வரைபடம் கையில் கிடைத்ததும் பலர் நடுவில் உள்ள ஊர்களைத் தேடத் தொடங்குவர். தேர்ந்த வாசகர் முதலில் விளிம்பைப் பார்ப்பார். வரைபடத்தின் தலைப்பு, வெளியிடப்பட்ட ஆண்டு, அளவை, திசைக்குறி, குறியீட்டு விளக்கம் ஆகியவை அங்கேதான் இருக்கும்.

இவற்றுள் ஆண்டு மிக முக்கியமானது. ஒரு வரைபடம் தான் வரையப்பட்ட காலத்து நிலத்தையே காட்டும். இன்றைய தெலுக் இந்தான் நகரம் 1982-ஆம் ஆண்டுவரை தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்டது. தைப்பிங்கிற்கு அருகிலுள்ள கோலா செப்பெத்தாங், முன்பு போர்ட் வெல்ட் என்ற பெயரைக் கொண்டிருந்தது. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்தது. இந்த மாற்றங்களை அறியாதவர் பழைய வரைபடத்தில் தெலுக் இந்தானைத் தேடி ஏமாறுவார்.

ஊர்ப் பெயர்களே நிலத்தைப் பற்றிய செய்தியையும் தருகின்றன. மலாய் மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு. 'புக்கிட்' என்றால் குன்று. 'குனோங்' என்றால் மலை. 'கோலா' என்றால் ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ கலக்கும் இடம். கங்சார் ஆறு பேராக் ஆற்றோடு சேருமிடத்தில் அமைந்ததால் கோலகங்சார் அப்பெயர் பெற்றது. ஈப்போ என்னும் பெயரோ 'ஈப்போ' மரத்திலிருந்து வந்தது.

திசை: மலைகள் சொல்லும் வழி

பெரும்பாலான வரைபடங்களில் மேற்பக்கம் வடக்காகும். வலப்பக்கம் கிழக்கு, இடப்பக்கம் மேற்கு, கீழ்ப்பக்கம் தெற்கு. ஆயினும் திசைக்குறியைப் பார்த்து உறுதி செய்துகொள்வதே நல்ல பழக்கம். அதன்பின் வரைபடத்தை நிலத்தோடு பொருத்த வேண்டும். வரைபடத்தின் வடக்கு உண்மையான வடக்கை நோக்கும்படி தாளைத் திருப்பி வைப்பதே அதற்கு வழி.

திசைகாட்டி இல்லாதபோதும் கிந்தாப் பள்ளத்தாக்கில் இதைச் செய்யலாம். ஈப்போவுக்குக் கிழக்கே தீத்திவங்சா மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது. பேராக்கின் மிக உயர்ந்த சிகரமான குனோங் கோர்பு, 2,183 மீட்டர் உயரத்தோடு அங்கேதான் உள்ளது. மேற்கே கிளேடாங் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் கிந்தா ஆறு பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடிப் பேராக் ஆற்றில் கலக்கிறது. விடியும் முன்பே பால்மரக் காட்டுக்குள் நுழைந்துவிடும் வெட்டுத் தொழிலாளர்கள், எந்த மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிறது என்பதைப் பார்த்தே திசையை அறிந்தனர்.

திசையை இன்னும் நுட்பமாகச் சொல்லத் திசைக்கோணம் பயன்படுகிறது. வடக்கைச் சுழியப் பாகையாகக் கொண்டு, கடிகார முள் சுற்றும் போக்கில் அளக்க வேண்டும். கிழக்கு 90 பாகை. தெற்கு 180 பாகை. மேற்கு 270 பாகை. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்ட முதலாளி 1915-இல் இதைக் கட்டத் தொடங்கினார். 1926-இல் அவர் இறந்ததால் மாளிகை முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. அதைக் கட்டியவர்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தனர். அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயில் மாளிகைக்கு அருகில் இன்றும் உள்ளது.

ஈப்போ இரயில் நிலையத்திலிருந்து இம்மாளிகையை நோக்கி வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால், அது ஏறக்குறைய தெற்கு நோக்கிச் சென்று, சிறிதளவு கிழக்கே சாய்ந்திருக்கும். எனவே அதன் திசைக்கோணம் 170 பாகைக்கும் 180 பாகைக்கும் இடையில் அமையும். திரும்பி வரும் திசையைக் காண 180-ஐக் கூட்டினால் போதும்.

அளவை: தாளின் தூரமும் தரையின் தூரமும்

ஒரு வரைபடத்தில் 1:50,000 என்று அச்சிடப்பட்டிருந்தால், தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 50,000 சென்டிமீட்டர், அதாவது 500 மீட்டர் ஆகும். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். ஈப்போ இரயில் நிலையத்துக்கும் கெல்லி மாளிகைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தூரம் உள்ளது. அத்தகைய வரைபடத்தில் அது 28 சென்டிமீட்டர் நீளமாக இருக்கும்.

ஆங்கிலேயர் காலத்து வரைபடங்கள் பல, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில் வரையப்பட்டவை. இது 1:63,360 ஆகும். அதே 14 கிலோமீட்டர் தூரம் அங்கே ஏறக்குறைய எட்டே முக்கால் அங்குலமாக இருக்கும். ஆகவே பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் ஒப்பிடுபவர், இரண்டின் அளவையும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் ஆறும் சாலையும் பொருந்தாமல் போகும்.

சாலையோ ஆறோ நேர்கோட்டில் செல்வதில்லை. வளைந்த தூரத்தை அளக்க ஒரு நூல் போதும். சாலையின் வளைவுகளையொட்டி நூலைப் பொருத்தி, பிறகு அதை நீட்டி அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தாளில் உள்ள நீளம் கிடைக்கும். அதை அளவையால் பெருக்கினால் தரையில் உள்ள தூரம் தெரியும்.

பரப்பளவையும் இவ்வாறே காணலாம். 1:50,000 அளவை கொண்ட நிலத்தோற்ற வரைபடத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சதுரக் கிலோமீட்டராகப் பிரிக்கின்றன. ஒரு சதுரக் கிலோமீட்டர் என்பது 100 ஹெக்டர். ஏறக்குறைய 247 ஏக்கர். கெல்லி ஸ்மித் கிந்தா வட்டாரத்தில் வாங்கிய காட்டு நிலம் ஏறத்தாழ 1,000 ஏக்கர் எனப்படுகிறது. அது வரைபடத்தில் நான்கே கட்டங்களுக்குள் அடங்கிவிடும். "ஆயிரம் ஏக்கர் தோட்டம்" என்று பெரியவர்கள் சொல்லும் அளவு, இப்போது கண்ணால் காணக்கூடிய ஒன்றாகிறது.

குறியீடுகள்: காட்டுபவையும் விட்டவையும்

வரைபடம் நிலத்தை முழுமையாகக் காட்டுவதில்லை, தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. நீலம் நீரைக் குறிக்கும். பழுப்புக் கோடுகள் உயரத்தைக் குறிக்கும். பச்சை, தாவரங்கள் அடர்ந்த பகுதியைக் குறிக்கும். பள்ளி, கோயில், பள்ளிவாசல், அஞ்சலகம் போன்றவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. பயிர்களும் வேறுபடுத்திக் காட்டப்படுவதால், ஒரு நிலம் இரப்பர்க் காடா, செம்பனையா, நெல்வயலா என்று அறியலாம். குறியீடுகளின் வடிவம் வரைபடத்துக்கு வரைபடம் மாறக்கூடும். ஆதலால் குறியீட்டு விளக்கத்தைப் பார்க்காமல் பொருள் கொள்வது தவறாகும்.

மலேசிய வரைபடங்களில் சொற்களும் சுருங்கி நிற்கும். 'எஸ்ஜி' என்ற எழுத்துகள் சுங்கையையும், 'கேஜி' என்பவை கம்போங்கையும், 'எல்டிஜி' என்பவை லாடாங்கையும் குறிக்கின்றன. லாடாங் என்பதே தோட்டம். வரைபடத்தில் அச்சொல் இருக்குமிடத்தில் ஒரு காலத்தில் லயங்களும் கோயிலும் பள்ளியும் இருந்திருக்க வாய்ப்புண்டு.

கிந்தாப் பள்ளத்தாக்கின் வரைபடத்தில் சிறு சிறு நீலத் திட்டுகள் நிறைய காணப்படும். இவற்றில் பெரும்பாலானவை இயற்கையான ஏரிகள் அல்ல. ஈயம் தோண்டிய குழிகளில் நீர் நிரம்பி உருவான ஈயக்குட்டைகள் அவை. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்ட ஈயவாரிக் கப்பல் ஒன்று, அந்தத் தொழிலின் நினைவாக இன்றும் நிற்கிறது. குட்டைகளின் கரை திடீரென ஆழமாகும். எனவே வரைபடத்தில் காணும் அந்த நீல நிறம், விளையாடச் செல்லும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையுமாகும்.

வரைபடம் விட்டுவிடுபவையும் பல. தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்த பெரட்டுக் களம், கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை, 'மேட்டு லயம்', 'ஆற்று லயம்' என்று மக்கள் இட்ட பெயர்கள் ஆகியவற்றைப் பொதுவான வரைபடங்களில் காண முடியாது. அவை மனித நினைவில் மட்டுமே உள்ளன.

கட்டக் கோடுகள்: நிரையும் மரமும்

ஓர் இடத்தைப் பிறருக்குத் துல்லியமாகச் சொல்ல எண்கள் உதவும். உலக வரைபடத்தில் அகலாங்கும் நெட்டாங்கும் அப்பணியைச் செய்கின்றன. ஈப்போ நகரம், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4 பாகை 36 கலையிலும், கிரீனிச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 101 பாகை 5 கலையிலும் அமைந்துள்ளது. நிலத்தோற்ற வரைபடத்தில் கட்டக் கோடுகள் இப்பணியைச் செய்கின்றன.

இந்த முறை தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. சமநிலத்தில் பால்மரங்கள் நேர் நேரான நிரைகளாக நடப்பட்டன. ஒரு மரத்தில் குறை இருந்தால், எத்தனையாவது நிரை, அந்த நிரையில் எத்தனையாவது மரம் என்று இரண்டு எண்களைச் சொன்னால் போதும். ஆயிரம் மரங்களுக்கு நடுவே அந்த ஒரு மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வரைபடக் கட்டமும் அவ்வாறே செயல்படுகிறது. முதலில் இடமிருந்து வலமாகச் செல்லும் எண். அடுத்துக் கீழிருந்து மேலாகச் செல்லும் எண்.

ஒரு கோயில் 45 என்று எண்ணிட்ட செங்குத்துக் கோட்டுக்கு வலப்புறத்திலும், 32 என்று எண்ணிட்ட கிடைக்கோட்டுக்கு மேலேயும் உள்ள கட்டத்தில் இருக்கிறது எனக் கொள்ளலாம். அதன் நான்கு இலக்கக் குறிப்பு 4532 ஆகும். இக்குறிப்பு ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பை மட்டுமே காட்டும். அக்கட்டத்தை இரு பக்கமும் பத்துப் பத்துப் பங்காகப் பிரித்து, கோயில் வலப்பக்கமாக மூன்று பங்கு தள்ளியும் மேல்பக்கமாக ஏழு பங்கு தள்ளியும் உள்ளது என்று கண்டால், ஆறு இலக்கக் குறிப்பு 453327 ஆகும். இது 100 மீட்டர் அளவுக்கு இடத்தைச் சுருக்கிவிடுகிறது. எண்களை முன்பின்னாக மாற்றி 327453 என்று எழுதினால், அது முற்றிலும் வேறோர் இடமாகிவிடும்.

சம உயரக் கோடு: மேடும் பள்ளமும்

தட்டையான தாளில் மலையைக் காட்டுவது எப்படி? கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்துக் கோடு வரைவதே அதற்கான வழி. அது சம உயரக் கோடு எனப்படும். இக்கோடு பலருக்குப் புரியாத புதிராகத் தோன்றும். மலைப்பாங்கான தோட்டங்களில் பால் வெட்டியவர்களோ அதன்மேல் நடந்தே பழகியவர்கள். சரிவான நிலத்தில் மரங்களை நேர் நிரையாக நட்டால் மழைநீர் மண்ணை அரித்துச் சென்றுவிடும். ஆகையால் குன்றைச் சுற்றி ஒரே உயரத்தில் படி போன்ற மேடைகளை வெட்டி அவற்றில் மரங்களை நட்டனர். அந்த மேடையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அவர் நடந்த அந்தப் பாதையே ஒரு சம உயரக் கோடு.

ஒரு வரைபடத்தில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையிலான உயரம் 20 மீட்டர் எனக் கொள்ளலாம். ஓரிடத்தில் ஐந்து கோடுகள் இரண்டு சென்டிமீட்டருக்குள் பரவியிருந்தால், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நிலம் 80 மீட்டர் உயர்கிறது என்று பொருள். அது மெல்லிய சரிவு, மிதிவண்டியிலும் செல்லலாம். வேறோரிடத்தில் அதே ஐந்து கோடுகள் இரண்டு மில்லிமீட்டருக்குள் நெருக்கிக்கொண்டு நின்றால், 100 மீட்டர் தூரத்திலேயே நிலம் 80 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. அது மிகவும் செங்குத்தான சரிவு.

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் அமைந்துள்ள குனோங் சீரோவும் அவற்றுள் ஒன்று. 1973-ஆம் ஆண்டு இக்குன்றின் பெரும்பாறை ஒன்று பெயர்ந்து அடிவாரக் குடியிருப்பின்மேல் விழுந்ததில் ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தனர். பாறை எப்போது விழும் என்று வரைபடம் சொல்லாது. எந்த வீடுகள் செங்குத்துப் பாறையின் காலடியில் இருக்கின்றன என்பதை அது சொல்லும். வீடு கட்டுபவரும் வாங்குபவரும் அந்தக் கோடுகளை வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

இரண்டு காலத்து வரைபடங்கள்

இத்திறன்கள் அனைத்தையும் ஒருங்கே பயன்படுத்தி, பாட்டியின் லயத்தைத் தேடலாம்.

முதலில் பாட்டி சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். தோட்டத்தின் பெயர், அருகிலிருந்த ஊர், ஆறு, இரயில் பாதை, கோயில் எந்தத் திசையைப் பார்த்திருந்தது, மாலையில் வெயில் வீட்டின் எந்தப் பக்கம் விழுந்தது என்பவற்றைக் கேட்க வேண்டும். தோட்டப் பெயர் வரைபடத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கலாம். பெயரைத் தேடப் பள்ளிகளும் உதவும். எல்பில், ஹீவுட், கிந்தா கெல்லாஸ் முதலிய தோட்டங்களின் பெயர்களைப் பேராக்கின் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

அடுத்து, பாட்டி அங்கு வாழ்ந்த காலத்துக்கு நெருங்கிய ஆண்டின் வரைபடத்தைத் தேட வேண்டும். ஓராண்டு வேறுபாடுகூடச் சில சமயம் முக்கியமாகும். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நடந்த கொலைகளை அடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களில் சிதறியிருந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. அதற்கு முந்திய வரைபடத்தில் காணும் லயமும் பிந்திய வரைபடத்தில் காணும் லயமும் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம்.

பிறகு, பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் அருகருகே வைத்து, இரண்டிலும் மாறாமல் இருப்பவற்றைக் கண்டறிய வேண்டும். கட்டக் கோடுகளை மட்டும் நம்பக் கூடாது. பழைய கோடுகளும் புதிய கோடுகளும் ஒரே முறையில் வரையப்படாமல் இருக்கலாம். மாறாதவை எனக் கருதப்படுபவற்றையும் சோதித்தே ஏற்க வேண்டும். கிந்தாவில் ஈயம் தோண்டுவதற்காகச் சில இடங்களில் ஆற்றின் போக்கே மாற்றப்பட்டது. சுண்ணாம்புக் கல்லுக்காகச் சில குன்றுகள் குடையப்பட்டன. ஒரே ஓர் அடையாளத்தை நம்பாமல், இரயில் பாதையின் வளைவு, பழைய சாலைச் சந்திப்பு, மலையுச்சி என மூன்று அடையாளங்களையாவது பொருத்திப் பார்ப்பது பாதுகாப்பானது.

அந்த மூன்று இடங்களிலிருந்தும் பழைய வரைபடத்தில் லயம் இருந்த தூரத்தையும் திசைக்கோணத்தையும் அளந்து, புதிய வரைபடத்தில் அதன் அளவைக்கு ஏற்பக் கோடுகள் இழுக்க வேண்டும். மூன்று கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கும் இடமே தேடிய இடம். கைப்பேசியின் செயற்கைக்கோள் படத்தில் அவ்விடத்தைப் பார்த்தால், செம்பனைக்கு நடுவே ஒரு மாமரக் கூட்டமோ தனித்து நிற்கும் ஒரு சிறு கோயிலோ தென்படக்கூடும். கைப்பேசி வழி காட்டும். இப்போது இல்லாத ஓரிடத்துக்குப் போகச் சொன்னால் அதற்குத் தெரியாது. அதற்கு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்பவர் வரைபடம் வாசிக்கத் தெரிந்தவரே.

இறுதியாக, உரியவரின் அனுமதி பெற்று, பெரியவர்களின் துணையோடு அவ்விடத்துக்குச் செல்ல வேண்டும். பாட்டியும் உடன் வந்தால், வரைபடம் தவறவிட்டதை அவர் கண்கள் கண்டுபிடிக்கும். "இந்த மேடு ஏறினால் மூச்சு வாங்கும், இதுதான்" என்று அவர் சொன்னால், அங்கே சம உயரக் கோடுகள் நெருங்கியிருக்கின்றனவா என்று தாளில் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதப்படாத வரைபடம்

இந்தத் தேடல் பாசத்துக்காக மட்டும் செய்யப்படுவதன்று. தோட்ட நிலம் கைமாறும்போது, பழைய கோயில் எங்கே இருந்தது, முன்னோரை அடக்கம் செய்த இடம் எது என்ற கேள்விகள் எழுகின்றன. "அங்கேதான் எங்கேயோ இருந்தது" என்ற சொல்லுக்கு உள்ள எடையும், ஆண்டும் அளவையும் குறிக்கப்பட்ட வரைபடத்தில் ஆறு இலக்க எண்ணோடு காட்டப்படும் இடத்துக்கு உள்ள எடையும் ஒன்றல்ல. வெள்ளம் வந்த வேளையிலும் விபத்து நேர்ந்த வேளையிலும் மீட்புப் படையினருக்கு இடத்தைச் சொல்ல அதே திறன்தான் உதவுகிறது.

பொதுவான வரைபடங்கள் விட்டுவிட்ட பெரட்டுக் களத்தையும் ஆயாக் கொட்டகையையும் மேட்டு லயத்தையும் இனி யார் வரைவது? தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை முதுமையடைந்து வருகிறது. அவர்களோடு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு வெள்ளைத்தாளில் பருமட்டான வரைபடம் ஒன்றை வரைவது எந்த மாணவராலும் முடியும். அதில் வடக்குத் திசை குறிக்கப்பட வேண்டும். கோயிலிலிருந்து லயத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதைக் கொண்டு தோராயமான அளவை எழுதப்பட வேண்டும். குறியீடுகளுக்கு விளக்கம் வேண்டும். சொன்னவர் எந்த ஆண்டுகளில் அங்கு வாழ்ந்தார் என்பதும், வரைந்த நாளும் விளிம்பில் இடம்பெற வேண்டும்.

அந்தத் தாளில் கடைசிக்கு முந்தின வீட்டின்மேல் பாட்டி விரலை வைத்துக் காட்டும்போது, அங்கே ஒரு புள்ளி வைக்கலாம். அவ்வீடு இனி எழும்பப் போவதில்லை. ஆனால் அது இருந்த இடத்தைத் தேடிப் போக விரும்பும் எவரும் இனி வழி தவற மாட்டார்.